எந்தச் சான்றிதழ்? எந்தக் குழந்தை?

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை



இந்தப் பருவத் தொடக்கத்தில் வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். டிப்ளமா முடித்தபின் என்ன செய்வதாக உத்தேசம் என்று அதில் ஒரு கட்டம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'கம்பெனி வேலை' என்று எழுதினார்கள். மீதிப் பேர் 'பி.இ. லேட்டரல் என்ட்ரி'. நான் 'சிறப்பாசிரியர்' என்று எழுதினேன். பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, டிராயிங் மாஸ்டராவா போகப் போற? ஒனக்கு இஞ்சினியரிங் டிராயிங்லயே அரியர் இருந்துச்சேல!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அரியர் இருந்தது உண்மைதானே!

அவன் கேட்டதிலும் தப்பில்லை. நம் ஊரில் சிறப்பாசிரியர் என்றால் பள்ளிக்கூடத்தில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி நடத்துகிறவர்கள். அரசின் தேர்வு அறிவிப்புகளிலேயே அவர்களுக்கு அந்தப் பெயர்தான். நான் சொன்னது வேறு. காது கேளாத குழந்தைக்கும், கண் தெரியாத குழந்தைக்கும், அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள குழந்தைக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர். சிறப்புக் கல்வி ஆசிரியர் என்று முழுசாகச் சொன்னால் குழப்பம் தீரும். அந்த வேலைக்குப் போக எந்தப் படிப்பைப் படிப்பது, எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்று ஒரு வருஷமாக அலைந்து விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் நாலு பேருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன். பயன்படாதவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்!

இந்த எண்ணம் எனக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

என் சித்தி மகனுக்குப் பதினோரு வயது. டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும்... வட்டார வள மையத்திலிருந்து ஒரு டீச்சர் வாரத்தில் ஒரு நாள் வருவார். பல பள்ளிகளுக்கு அவர் ஒருவரே. மாறி மாறிப் போக வேண்டும். போன வருஷம் மே மாத விடுமுறையில் அந்த டீச்சர் சித்தி வீட்டுக்கே வந்து தம்பிக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுக் கொடுத்தார். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

சித்தி அதுவரை செய்தது என்ன? "போடுடா, போடுடா" என்பாள். அவன் முழிப்பான். பொறுமை போய் அவளே போட்டுவிடுவாள். பள்ளிக்கு நேரமாகிவிடுமே! டீச்சர் அப்படிச் செய்யவில்லை. பெரிய பட்டன் வைத்த ஒரு பழைய சட்டையை எடுத்தார். பட்டனைப் பிடிப்பது ஒன்று. காஜாவை மறு கையால் விரித்துப் பிடிப்பது ஒன்று. பட்டனின் விளிம்பைக் காஜாவுக்குள் நுழைப்பது ஒன்று. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற விளிம்பைப் பிடிப்பது ஒன்று. பிடித்து இழுப்பது ஒன்று. இப்படி ஐந்தாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் நாலையும் அவரே செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் தம்பியிடம் விட்டார். இழுத்தான். பட்டன் வந்துவிட்டது! அவன் கையைத் தட்டிக்கொண்டு சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது அவனுக்கு நன்றாகப் பழகியபின் கடைசி இரண்டு. பிறகு கடைசி மூன்று. எந்த நாளிலும் அவன் தோற்றுப்போய் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டனை முடித்தது அவன்தான்.

எனக்கு உடனே நம்ம ஒர்க் ஷாப் ஞாபகம் வந்தது. லேத்தில் ஒரு ஜாப் கொடுத்தால் ஃபேசிங், சென்டர் டிரில்லிங், பிளெய்ன் டர்னிங், ஸ்டெப் டர்னிங், சாம்ஃபரிங் என்று வரிசை எழுதாமல் நம் இன்ஸ்ட்ரக்டர் மெஷினைத் தொட விடமாட்டாரே, அதே வரிசைதான்! ஒரே வித்தியாசம், இங்கே கடைசி ஆபரேஷனை முதலில் செய்தால் ஜாப் ஸ்கிராப். அங்கே கடைசியை முதலில் கொடுத்ததால்தான் பிள்ளை தப்பித்தான். பின்னாலிருந்து தொடுத்துக்கொண்டு வரும் முறை என்று டீச்சர் விளக்கினார். இதற்கெல்லாம் பாடம் உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு என்றும் சொன்னார். ரெக்கார்டு நோட்டு என்றதும் எனக்கு அந்தப் படிப்பு நெருக்கமாகிவிட்டது!

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் எல்லோருக்கும் இந்த வேலையைப் பற்றி ஒரு நினைப்பு இருக்கிறது. அன்பு இருந்தால் போதும், பொறுமை இருந்தால் போதும், பாவம் அந்தப் பிள்ளைகள், யாராவது பார்த்துக்கொண்டால் சரி என்று. என் சித்தியைவிட அன்பும் பொறுமையும் உள்ளவர்கள் யார்? பத்து வருஷம் அவளால் முடியாதது டீச்சரால் ஆறு வாரத்தில் முடிந்தது. அது தொழில் தெரிந்த கை. தொழில் என்றால் படிக்க வேண்டும், பழக வேண்டும், செல்லுபடியாகிற தாள் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியது.

தாளுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்தக் குழந்தை?

நாம் பாலிடெக்னிக்கில் சேரும்போது 'எனக்கு இஞ்சினியரிங் வேணும்' என்று மட்டும் சொன்னால் சீட் கிடைக்குமா? சிவிலா, மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா என்று கேட்பார்கள். சிறப்புக் கல்வியும் அப்படித்தான். செவித்திறன் குறைபாடு ஒரு பிரிவு. பார்வைக் குறைபாடு ஒரு பிரிவு. அறிவுசார் குறைபாடு ஒன்று, ஆட்டிசம் ஒன்று, மூளை முடக்குவாதம் ஒன்று, பல குறைபாடுகள் சேர்ந்திருப்பது ஒன்று. படிப்பு அந்தப் பிரிவின் பெயரிலேயே இருக்கும். சான்றிதழிலும் அதுதான் அச்சாகும். பார்வைப் பிரிவு எடுத்தவர் ஆறு புள்ளி பிரெயிலில் எழுதவும் படிக்கவும் தேற வேண்டும், அபாகஸில் கணக்குப் போட வேண்டும், கோல் பிடித்துத் தெருவில் நடக்கப் பழக்க வேண்டும். செவிப் பிரிவு எடுத்தவருக்குச் சைகை மொழி, பேச்சுப் பயிற்சி, காது கருவியின் நல்லது கெட்டது தெரிய வேண்டும். அறிவுசார் பிரிவுக்காரருக்கு அந்தப் பட்டன் வித்தை. ஒன்றைப் படித்தவர் மற்றதைத் தானாகச் செய்துவிட முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஒற்றை டீச்சர் இருபத்தொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது வேறு சங்கதி.

விசாரித்தபோது சிலர் எனக்குச் சொன்ன யோசனை, "எதுல வேலை சீக்கிரம் கிடைக்குதோ அதை எடு" என்பது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தப் பிள்ளையின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார உங்களால் முடிகிறதோ அந்தப் பிரிவை எடுங்கள். முடிகிறதா என்பது உட்கார்ந்து பார்க்காமல் தெரியாது. நான் போன டிசம்பர் விடுமுறையில் ஒரு சிறப்புப் பள்ளியில் கேட்டுப் பத்து நாள் உதவிக்குப் போனேன். பாளையங்கோட்டைக்கு இது புதிதல்ல. 1890-களிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரும் பள்ளி நடத்திய ஊர் இது. தினமும் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறோம். எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்?

அந்தப் பத்து நாளில் முதல் இரண்டு நாள் எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன், என் தோள் உயரம், வகுப்பிலேயே உடையை நனைத்துவிட்டான். அங்கிருந்த ஆசிரியைகள் எல்லோரும் பெண்கள். அந்த வயதுப் பையனைக் குளியலறைக்குக் கூட்டிப் போய்ச் சுத்தம் செய்யவும், தானே செய்துகொள்ளப் பழக்கவும் அவர்களுக்கும் சங்கடம், அவனுக்கும் சங்கடம். ஒரே ஒரு ஆண் உதவியாளர், அவர் அன்று விடுப்பு. என்னைப் பார்த்தார்கள். நான் போனேன். வாந்தி வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறாம் நாள் அதே பையன் வகுப்பில் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கதவைக் காட்டினான். நேரத்துக்குப் போய்விட்டோம்! அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, மற்ற பாடத்தில் பாஸானதைவிட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'இது பொம்பளைப் பிள்ளைங்க வேலைடா' என்று கிண்டல் செய்கிற நண்பர்களுக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

சரி, இப்போது சான்றிதழுக்கு வருவோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, பி.ஏ. தமிழ் படித்தவர். கல்யாணமாகி, வீட்டில் இருந்தபடி ஏதாவது வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருந்த நேரம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு இடத்தில் சேர்ந்தார். ஆறு மாதம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, 'சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி', பதினெட்டாயிரம் ரூபாய். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார். முடிந்ததும் பெரிய தங்க நிற முத்திரையோடு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஃபிரேம் போட்டு மாட்டினார். ஒரு சிறப்புப் பள்ளியில் வேலைக்குப் போய்க் கேட்டபோது தலைமை ஆசிரியை அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிம்மா, ஆர்.சி.ஐ. பதிவு எண் எங்கே?" என்று கேட்டாராம். அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். நோட்டீஸ் ஒட்டியவர்கள் போனை எடுக்கவில்லை. சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது.

அந்த அக்கா படித்தவர். அவருக்கே இந்தக் கதி என்றால், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத நம்மைப் போன்றவர்கள் எம்மாத்திரம்? அதனால்தான் இதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டில் சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கீகரிப்பது இந்திய மறுவாழ்வு மன்றம். சுருக்கமாக ஆர்.சி.ஐ. 1992-இல் நாடாளுமன்றம் இதற்கென்றே சட்டம் போட்டது, 1993-இல் நடைமுறைக்கு வந்தது. டாக்டருக்கு மருத்துவ ஆணையம், வக்கீலுக்கு பார் கவுன்சில் என்பது போல, சிறப்பு ஆசிரியர் உட்பட 16 வகைத் தொழிலருக்கு இந்த மன்றம். மன்றம் அங்கீகரித்த நிறுவனத்தில், அங்கீகரித்த படிப்பை முடித்தபின், மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். அப்போது ஒரு எண் வரும். தலைமை ஆசிரியை கேட்டது அந்த எண்ணைத்தான். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு முறை பதிந்ததோடு முடிவதில்லை. ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இடையில் தொடர் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்த்திருக்க வேண்டும்.

ஆகவே சேரும் முன்பே மன்றத்தின் இணையதளத்தில் பாருங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் சேரப்போகிற அதே பிரிவுக்கு, நீங்கள் சேரப்போகிற அதே கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செவித்திறன் பிரிவுக்கு அனுமதி வாங்கிவிட்டு, அந்தப் பெயரைக் காட்டி வேறு பிரிவுக்கு ஆள் பிடிக்க யாருக்கும் தோன்றாது என்று நாம் ஏன் நம்ப வேண்டும்? வரிசை எண்ணோடு அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மன்றமே நடத்துகிற குறுகிய படிப்பும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ஆறு மாதச் சமூகம் சார்ந்த உள்ளடக்கிய மேம்பாட்டுச் சான்றிதழ் அப்படிப்பட்டது. அது போலி அல்ல, நல்ல படிப்பு. ஊர் ஊராகப் போய்க் குறைபாடுள்ளவர்களைக் கண்டறிந்து உதவி கிடைக்கச் செய்கிற களப்பணியாளருக்கானது. அதை வைத்துக்கொண்டு வகுப்பறையில் ஆசிரியர் ஆக முடியாது. அசலிலும் 'எதற்கு அசல்' என்று கேட்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

ஆசிரியர் ஆக முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று டி.எட். சிறப்புக் கல்வி. இரண்டாண்டு டிப்ளமா. +2-வில் ஐம்பது சதவீதம் வேண்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கானது. மற்றது பி.எட். சிறப்புக் கல்வி. அது பட்டம் முடித்தவர்களுக்கு, உயர் வகுப்புகளுக்கு. இந்த இரண்டாவது வாசலில் இப்போது கட்டட வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்குப் பின் படிக்கிற இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வியை நிறுத்திவிட்டு, +2 முடித்தவர்கள் சேருகிற நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்புக்குப் போகப்போவதாக 2024 ஜனவரியில் மன்றம் அறிவித்தது. எனவே பழைய ஆட்கள் சொல்கிற வழியை அப்படியே நம்பாமல், சேருகிற வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள்.

இனி வருவது நம் தனிக் கஷ்டம். +2 முடித்துவிட்டு இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. என்னைப் போல் பத்தாவதோடு இங்கே வந்தவர்கள்? நம் கையில் இருப்பது மூன்றாண்டு டிப்ளமா. +2 இல்லை. படிவத்தில் '+2 அல்லது அதற்கு இணையான தேர்ச்சி' என்று போட்டிருக்கும். அந்த 'இணையான' என்ற சொல்லுக்குள் நாம் அடங்குவோமா? நான் மூன்று இடங்களில் கேட்டேன். ஒருவர் "தாராளமா சேரலாம் தம்பி" என்றார். ஒருவர் "முடியவே முடியாது" என்றார். மூன்றாமவர் "சேர்ந்துட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். மூவரில் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது மூன்றாமவரைப் பார்த்துத்தான்! இரண்டு வருஷம் படித்து முடித்தபின் பதிவு எண் கொடுக்கிற இடத்தில் "உன்னிடம் +2 எங்கே?" என்று கேட்டால் யாரிடம் போய் அழுவது? வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

நான் எழுத்துக்கும் காத்திருக்கவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் +2-வுக்குப் பதிந்துவிட்டேன். ஐந்து பாடம். காலையில் ஹீட் பவர், ராத்திரியில் +2 புத்தகம். வார்டன் அண்ணன் பன்னிரண்டு மணிக்கு லைட்டை அணைக்கச் சொல்லும்போதெல்லாம், இந்தப் பக்கம் போவது தேவையா என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனால் இதே பாதையில் இன்னொருவர் வருவதென்றால் முதலாமாண்டிலேயே தொடங்கட்டும் என்பது என் யோசனை. மூன்றாமாண்டில் தொடங்கினால் என்னைப் போல் கண் சிவந்து திரிய வேண்டியதுதான்.

டி.எட்.டா, பி.எட்.டா என்றால் நம் போன்றவர்களுக்கு முதலில் டி.எட். என்பேன். பி.எட். முடித்தவருக்குச் சம்பள விகிதம் மேல் என்பது தெரியும். ஆனால் பட்டத்துக்கு மூன்று வருஷம், அப்புறம் பி.எட்... வீட்டில் இன்னும் அத்தனை வருஷம் சோறு போடச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது. அதோடு, ஐந்து வயதில் பட்டன் போடக் கற்ற பிள்ளைக்கும் பதினோரு வயதில் கற்ற பிள்ளைக்கும் உள்ள தூரத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். சின்னப் பிள்ளைகளிடம்தான் இந்த வேலை முதலில் நடக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டு மேலே படித்துக்கொள்ளலாம். இங்கிருந்து வெளியே போய்ப் படிக்க முடிகிறவர்கள் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்தையும் விசாரித்துப் பாருங்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாதாரணப் பள்ளிகளில் படிக்கிற சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்பில் பத்துப் பேருக்கு ஒருவர், நடுநிலை வகுப்பில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று ஆசிரியர் இருக்க வேண்டும் என்றது. மத்திய அரசும் 2022-இல் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில் அந்தக் கணக்கைச் சேர்த்தது. அப்புறமும் பணியிடங்கள் நிரம்பவில்லை. 2025 மார்ச் 7-இல் அதே வழக்கில், எல்லா மாநிலங்களும் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவித்துத் தகுதியுள்ளவர்களை நியமிக்க வேண்டும் என்று மறுபடி உத்தரவிட்டது. ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களின் தகுதியைப் பரிசீலிக்கக் குழு அமைக்கவும் சொன்னது. தகுதி என்று வருகிற இடத்திலெல்லாம் அது மன்றத்தின் தகுதிதான், தங்க நிற முத்திரை அல்ல.

கோர்ட்டு உத்தரவு வேறு, கைக்கு வருகிற உத்தரவு வேறு. அது எனக்கும் தெரியும். தம்பிக்குப் பட்டன் கற்றுக் கொடுத்த டீச்சர் பல வருஷமாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார். அவரைப் போன்றவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிற செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. ஆண்டு விழா மேடையில் மட்டும் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "இவங்க மனுஷி இல்லை, தெய்வம்" என்றார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் ரொம்ப வசதி. தெய்வத்துக்கு பி.எஃப். பிடிக்க வேண்டாம், மகப்பேறு விடுப்பு வேண்டாம், பயணப்படியும் வேண்டாம் பாருங்கள்! சேவை, தியாகம் என்று இந்த வேலையைச் சொல்லச் சொல்ல அதன் கூலி குறைந்துகொண்டே போகிறது என்பது என் கருத்து. கருணையால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒரு வருஷத்தில் களைத்துப் போய்விடுவார்கள். படித்து, பதிவு எண்ணோடு வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து சங்கமாக நின்று சம்பளம் கேட்கவாவது முடியும். மாணவர் சங்க மலரில் இதை எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

வீட்டில் சொன்னபோது அப்பா நேரே பதில் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "மூணு வருஷம் மெஷின் படிச்சே. மறுபடியும் ரெண்டு வருஷமா? ஓசூர்ல எடுக்கிறான்னு சொன்னியே?" என்று கேட்டார். ஓசூரிலும் ஒரகடத்திலும் பயிற்சியாளர் என்ற பெயரில் எடுத்து, காலம் முடிந்ததும் அனுப்பிவிடுகிற கதையை நம் சீனியர்கள் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! அதை அப்பாவிடம் சொன்னேன். ஆனால் அதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் புரிந்தது போல இருந்தது. சித்தி மகனைப் பார்த்தபடி, "இவனுக்குச் சொல்லிக் குடுக்கவா?" என்றார். "இவனை மாதிரிப் பிள்ளைகளுக்கு" என்றேன். "அதுக்கும் பரீட்சை உண்டா?" என்றார். உண்டு என்றேன். "அப்ப சரி" என்றார். பரீட்சை உள்ள படிப்பு என்றால் அவருக்கு ஒரு மரியாதை.

டிப்ளமா வீணாகிவிடுமே என்று ஹெச்.ஓ.டி. ஐயாவும் கேட்டார். வீணாகாது ஐயா. அந்தச் சிறப்புப் பள்ளியில் கழுத்து நிற்காத ஒரு குழந்தைக்கு நாற்காலி வேண்டும் என்றார்கள். கடையில் கேட்ட விலை அவர்களால் முடியாது. நானும் நம் வகுப்பு நண்பர்கள் இருவரும் பழைய பைப்பையும் பிளைவுட்டையும் வைத்து, சாய்வுக் கோணத்தை மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தோம். பக்கத் தாங்கி சரியாக அமையாமல் இரண்டு தடவை திருப்பி எடுத்து வந்தோம். மூன்றாம் தடவை நின்றது. செய்யும்போது பிசியோதெரபி அம்மா சொன்ன அளவுகளில் ஒன்றைக்கூட நாங்களாக மாற்றவில்லை. அங்கே அவர்தான் இன்ஸ்ட்ரக்டர்.

இன்னும் ஒரு நாற்காலி கேட்டிருக்கிறார்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் கல்லூரி வாசலிலிருந்து கிளம்புகிறோம், டவுன் பஸ்தான். வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது. விண்ணப்பங்களின் நகலும், இந்த ஆண்டு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அச்சும் ஹாஸ்டலில் என் அறையில் இருக்கின்றன. வந்து பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், யாராவது எடுத்துப் போய்விட்டால் மறுபடி அச்செடுக்கக் காசில்லை. தம்பி இப்போது மேலேயிருந்து நாலு பட்டன் தானே போடுகிறான். காலர் பட்டன் மட்டும் இன்னும் வரவில்லை, அது கண்ணுக்குத் தெரியாது அல்லவா? அதற்குக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்க்கலாமா என்று அடுத்த வாரம் டீச்சரிடம் கேட்க வேண்டும்.